மேட்டில் ஜீப் திடீரென இழுக்காமல் போனால்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

போடியிலிருந்து போடிமெட்டுக்கும் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றி ஓடும் பழைய டீசல் ஜீப்புகளில் அடிக்கடி வரும் புகார் இது. நேற்று மூன்றாவது கியரில் ஏறிய வண்டி இன்று இரண்டிலேயே முக்கும். உடனே "பம்பு போச்சு" என்று எஃப்.ஐ. பம்பை, அதாவது டீசலை அழுத்தி நாசில்களுக்குத் தள்ளும் பம்பை, கழற்றிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். பம்பும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் தேயும். ஒரே நாளில் இழுவை போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள டீசல் பாதையைத்தான்.

டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ பத்து சதவீத சக்தி தானாகவே குறையும். மேலே காற்று மெலிந்துபோவதுதான் காரணம். இது எப்போதும் இருப்பது, கோளாறு இல்லை.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்திருக்கிறது. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க, இன்னொருவர் பம்பு லிவர் கடைசி ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் நீண்டிருந்தால் தொடாது. எஞ்சினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிளையும் பாருங்கள். அது துருவேறி முழுக்கத் திரும்பாமல் நின்றால் பம்பு எப்போதும் அரைகுறை டீசலைத்தான் தள்ளும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்தது புகை. மேட்டில் முழு மிதியில் ஏறும்போது பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கறுப்புப் புகை கக்கினால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஆயில் பாத் வகை (அடியில் ஆயில் கிண்ணம் உள்ளது) என்றால் கிண்ணத்தில் சேறு படிந்திருக்கும். கழுவி, குறி வரை மட்டும் ஆயில் ஊற்றுங்கள். டர்போ வண்டியில் ஓஸ் பிளந்திருந்தால் மிதிக்கும்போது 'புஸ்' என்ற சத்தம் கேட்கும். நீலப் புகை ஆயில் எரிவது. ஒரே நாளில் வந்த கோளாறுக்கு அது காரணமாவது அரிது, டர்போ சீல் போனால் தவிர.

புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால் டீசல் பட்டினி. இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இழுவை போன உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உள்ளே காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. ஃபில்டரின் அடியிலுள்ள டிரெய்ன் பிளக்கைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் டீசல் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். தோட்டத்தில் பேரலில் வைத்த டீசலை மழைக்காலத்தில் ஊற்றும் வண்டிகளில் இது சகஜம். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்பில் டீசல் நுழையும் இடத்திலுள்ள சின்ன வலையைக் கழற்றிக் கழுவுங்கள். ஃபில்டர் மாற்றியும் குணமாகாத பல வண்டிகளில் அடைப்பு இங்கேதான் இருக்கும். மாட்டும்போது செம்பு வாஷர் புதிதாகப் போடுங்கள். பழையது லேசாகக் காற்றை இழுக்கும்.

காற்று இழுக்கிறதா என்று பார்க்க, ஃபீட் பம்புக்கு முன் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் சேர்த்து எஞ்சினை ஓட்டுங்கள். குமிழி ஓடினால் டேங்க் பக்கம் ஏதோ ஓஸில் வெடிப்பு. அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே டீசல் ஒழுகாமலே காற்று உள்ளே போகும். சந்தேகம் தீர, ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, சூடான பாகங்களுக்குத் தள்ளி உறுதியாகக் கட்டி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு டியூப் கொடுத்து மெதுவாக ஒரு மேடு ஏற்றுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைன் டேங்குக்கே போகட்டும். வண்டி இழுத்தால் குறை டேங்கிலோ லைனிலோதான்.

எதைக் கழற்றினாலும் கடைசியில் ஏர் எடுக்க வேண்டும், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் தெளிவாக வந்ததும், கைப்பம்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். பிறகு எஃப்.ஐ. பம்பிலுள்ள பிளீட் ஸ்க்ரூவிலும் அப்படியே.

வெள்ளைப் புகையோடு எஞ்சின் குதித்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் துணி சுற்றி அரைச்சுற்று தளர்த்துங்கள். எந்த நட்டைத் தளர்த்தியும் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. கசியும் டீசலுக்கு நேரே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும்.

இத்தனைக்கும் பிறகே எஃப்.ஐ. பம்பு. கழற்றும் முன், பம்பை எஞ்சினோடு சேர்க்கும் ஃப்ளேஞ்சிலும் எஞ்சினிலும் சேர்த்து ஒரே கோடாக உளியால் குறி போடுங்கள். குறி தவறி டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பின்தங்கினால், சரி செய்த பம்போடும் வண்டி வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு அதே மேட்டில் முக்கும்.