பந்தயப் பாய்க்கப்பலை நெருங்கும்போதும் ஏறும்போதும் விடக்கூடாத பிழைகள்

கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலைக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். காற்று கரையிலிருந்து அடிப்பதால் அலை எழும்பாது, பாய்க்கு வேண்டிய விசை மட்டும் நிறைய இருக்கும். அப்படி ஒரு காலையில் கோணேசர் மலைக்கு வெளியே நூறடிப் பந்தயப் பாய்க்கப்பல் ஒன்று தூரத்தில் தெரிந்தது. "பாய்க்கப்பல்தானே, ஆறுதலா வரும். முன்னால வெட்டிப் போவம்" என்றார் எங்கள் போட்டில் இருந்த அண்ணன். நாங்கள் மோட்டாரை இழுத்துக் கிளப்புவதற்குள் அது பக்கத்தில் வந்துவிட்டது. எஞ்சின் இரைச்சல் இல்லை, தண்ணீர் கிழிபடும் சத்தம் மட்டும்தான்.

பாய்க்கப்பல் ஆறுதலாக வரும் என்று நினைப்பதுதான் முதல் பிழை, மற்றவற்றுக்கும் அதுவே வேர். கொமாஞ்சி என்ற நூறடிக் கப்பல் 2015இல் ஒரே நாளில் 618 கடல்மைல் ஓடியது. இலங்கையின் வடகோடியான பருத்தித்துறையிலிருந்து தென்கோடியான தெவுந்தர முனை வரையான தூரத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! மணிக்கு 20 கடல்மைல் என்று வைத்தாலே நிமிடத்துக்கு 600 மீட்டர் தாண்டும். அதன் முன்னால் வெட்டிப் போகவே கூடாது, பின்பக்கமாகப் போங்கள்.

பக்கத்தில் போய்ப் படம் எடுப்பது இன்னொரு பிழை. 45 மீட்டர் பாய்மரம் 20 பாகை சாய்ந்தால் உச்சி 15 மீட்டர் வெளியே தள்ளி நிற்கும். மறுபக்கம் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். இந்த வகைக் கப்பல்கள் பலவற்றில் கப்பல் கவிழாமல் பிடிக்க அடியில் இருக்கும் கனத்த தகடான கீல், காற்று வரும் பக்கமாகச் சரியும், அது மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

சட்டத்தைப் பற்றியும் நம்மிடம் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. மீன்பிடிப் படகுக்குப் பாய்க்கப்பல் விலக வேண்டும் என்பது சரிதான். ஆனால் அது வலை கடலில் கிடந்து, நினைத்தபடி திரும்ப முடியாமல் இருக்கும் படகுக்குத்தான். வலையை உள்ளே போட்டுக்கொண்டு கரைக்கு ஓடும்போது நாம் வெறும் மோட்டார் படகு, விலக வேண்டியது நாம். ஓடிக்கொண்டே தூண்டில் இழுத்து வருகிறவருக்கும் அந்தச் சலுகை இல்லை. சரி, உரிமை நம் பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர்கள் நம் வலையின் முனையைப் பார்த்திருப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 6 மீட்டருக்கு மேல் ஆழம் போகும் கீல் வலையில் மாட்டினால் இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து.

அப்புறம், ஏறிப் பார்க்க அழைப்புக் கிடைத்தால்? பாய் இறங்கும் வரை காத்திருந்து, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் போட்டை அணையுங்கள். கார்பன் இழையால் செய்த கப்பலின் உடல் வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும் கூர்மையான இடி பட்டால் உள்ளே பிளந்துவிடும். செருப்போடு ஏறவும் வேண்டாம்.

எனக்கு ஒருமுறை அப்படிப் போய் ஓடிப் பார்க்கக் கிடைத்தது. தளத்தில் விரல் பருமனில் ஒரு கயிறு கிடந்தது, நான் அதன் வளைவுக்குள் கால் வைத்து நின்றேன். பின்னால் இருந்த மாலுமி என் சட்டையைப் பிடித்து இழுத்த அதே நொடியில் கயிறு விறைத்தது. பல தொன் இழுவை. கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சில் ஒரு சுற்றுத் தளர்த்தியபோது வந்த சத்தம் கப்பல் முழுக்கப் பறை அடித்த மாதிரி அதிர்ந்தது. மெல்லிய கயிறு என்று கையால் தொடுவதும், வின்ச்சுக்கு அருகே விரலை வைப்பதும் அங்கே பெரிய பிழைகள். கயிற்றைப் பார்த்து அதில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

திசை மாற்றும் நேரத்தில் எழுந்து நிற்காதீர்கள், பாயின் அடிமரம் தலை மட்டத்தில் வீசி வரும். சுக்கான் பிடிப்பவரிடம் அப்போது பேச்சும் வேண்டாம். நீச்சல் தெரியும் என்று மிதவை அங்கியை மறுக்கிறவர்கள் நம்மில் அதிகம். விழுந்த ஒரு நிமிடத்தில் கப்பல் 600 மீட்டருக்கு அப்பால் போயிருக்கும், அந்தப் பாய்களை இறக்கித் திரும்பி வர இன்னும் நேரம் பிடிக்கும். ஏறியதும் அங்கியைப் போட்டுக்கொண்டு, பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை எங்கே மாட்டுவது என்று கேளுங்கள்.