வீட்டோடு வந்த மர டெக்: ஸ்டெயின் டப்பாவைத் திறக்கும் முன்

புது நாட்டில் முதல் வீட்டுக்குக் குடிபோகும்போது சமையலறையைப் பார்க்கிற அளவுக்குப் பின்புறத்து மர டெக்கை, அதாவது பலகை பரப்பிய திறந்தவெளி மேடையை, யாரும் பார்ப்பதில்லை. வெயில் காலம் வந்து, வெறுங்காலோடு அதில் இறங்கி, பாதத்தில் சிராய் குத்தும்போதுதான் அதன் நினைப்பு வரும். பலகைகள் சாம்பல் பூத்து, நிழல் விழும் மூலையில் பச்சைப் பாசி படிந்து, பழைய ஸ்டெயின் (மரத்துக்கு நிறமும் பாதுகாப்பும் தரும் பூச்சு) திட்டுத்திட்டாக உரிந்து கிடக்கும். ஒரு டப்பா வாங்கிவந்து மேலே பூசிவிடலாம் என்று தோன்றும். நான் அப்படித்தான் செய்தேன். காலையில் கழுவி, மாலையே பூசினேன். அடுத்த வசந்தத்தில் அது சுருள் சுருளாக உரிந்து வந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு வார இறுதிகள் போயின. இந்த வேலையில் முக்கால் பங்கு பூசுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

வாடகை வீடு என்றால் எதைத் தொடுவதற்கு முன்பும் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அடுத்து, அது உண்மையிலேயே மரமா என்று பாருங்கள். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகையாக இருந்தால் வெட்டுமுனையில் வளையங்கள் இருக்காது. அதற்கு ஸ்டெயின் தேவையில்லை, கழுவினால் போதும்.

மரம்தான் என்றால் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஆணி இருக்கும் இடங்கள், பலகைகளின் முனைகள், படிகளின் அடிப்பாகம், முக்கியமாக வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிணைத்திருக்கும் சட்டம், எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே இறங்கினால் அந்த இடம் மக்கிவிட்டது. பலகை என்றால் மாற்றிவிடலாம். சுவர்ச் சட்டமோ தூணோ மக்கியிருந்தால் அதைத் தெரிந்தவரை அழைத்துச் சரிசெய்யாமல் ஸ்டெயின் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆட்கள் கூடி நிற்கும்போது டெக் சரிவது பெரும்பாலும் அந்த இணைப்பில்தான். தலைதூக்கி நிற்கும் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, துருப்பிடிக்காத டெக் ஸ்க்ரூக்களைப் போடுங்கள்.

இன்னொன்று. முன்பு மரம் மக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுப் பயன்பாட்டுக்கான மரத்தில் அது 2003 இறுதியோடு நின்றது. உங்கள் டெக் அதற்கு முந்தையது என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கழித்த துண்டுகளை எரிக்கவும் எரிக்காதீர்கள். தூளிலும் புகையிலும் அந்த விஷம் இருக்கும்.

சரி, கழுவுவதற்கு வருவோம். சாம்பல் நிறம் அழுக்கு அல்ல. மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடுகிறது, மேல் நார்கள் தளர்ந்து வெளுக்கின்றன. அந்தச் செத்த நார்களின் மேல் பூசினால், அவை உதிரும்போது ஸ்டெயினும் கூடவே உதிரும். முதலில் இடுக்குகளில் சிக்கிய இலைகளைப் பழைய கத்தியால் கிளறி எடுங்கள், ஈரம் அங்கேதான் தங்கும். சுற்றியுள்ள செடிகளை நன்றாக நனைத்துவிட்டு, சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்ஸிஜன் பிளீச் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, காயவிடாமல் 15 நிமிடம் ஊறவையுங்கள். பிறகு நைலான் தூரிகையால் ரேகை ஓடும் திசையில் தேயுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். அதன் இரும்புத் துகள் மரத்தில் தங்கிக் கறுப்புக் கறையாகிவிடும். குளோரின் பிளீச்சும் வேண்டாம். அது மரத்தை வெளுக்கவைத்து நாரைச் சிதைக்கும், செடிகளையும் கருக்கும். அமிலத்தோடோ அம்மோனியாவோடோ கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

கழுவிய பிறகு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பிரைட்டனர் (மரத்தின் நிறத்தை மீட்கும் திரவம்) ஒரு முறை அடித்து அலசிவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுவிய காரத்தை அது சமன்செய்யும், ஆணியைச் சுற்றிய கறுப்பு வளையங்களையும் எடுத்துவிடும். கண்ணெதிரே பலகை பழுப்புத் தேன் நிறத்துக்குத் திரும்புவதைப் பார்க்கும்போது மனசுக்கு அத்தனை நிறைவாக இருக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் எடுத்தால் அளவாக எடுங்கள். பைன், சீடர் போன்ற மென்மரங்களுக்கு 500 முதல் 600 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), 40 டிகிரி விசிறி முனை, ஓர் அடி தூரம். இதற்கு மேல் போனால் தண்ணீரே மரத்தைக் கீறிவிடும், அந்தக் கோடு ஸ்டெயினுக்கு அடியிலும் தெரியும்.

அப்புறம் காத்திருப்பு. நல்ல வெயிலில் குறைந்தது 2 நாள், நிழலான பக்கம் இன்னும் கூடுதல். ஈரமானி இருந்தால் மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். பழைய ஆர்சனிக் மரம் இல்லையென்றால், காய்ந்ததும் சிலிர்த்து நிற்கும் நார்களை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். அதைவிட நைசாகத் தேய்த்தால் மரத்தின் நுண்துளைகள் அடைபட்டு ஸ்டெயின் உள்ளே இறங்காது. தூளைப் பெருக்கிவிட்டுச் சில சொட்டுத் தண்ணீரை ஆங்காங்கே விடுங்கள். சொட்டு முத்தாக உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் அங்கே இருக்கிறது. ஓரத்தில் கரிய நிழல் படர்ந்து, ஓரிரு நிமிடத்தில் சொட்டு மறைந்துவிட்டால் மரம் தயார். ஒரு இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கூரையின் நிழல் விழும் பகுதி வெயில் பகுதியைப் போல இருக்காது.

எந்த ஸ்டெயின்? நடக்கிற தளத்துக்குப் பாதி ஒளிபுகும் வகையே என் தேர்வு. நிறமி இருப்பதால் வெயிலைத் தடுக்கும். மரத்துக்குள் ஊறுவதால் காலப்போக்கில் மங்குமே தவிர, பெயின்ட் மாதிரி பெயர்ந்து வராது. முழுக்க மறைக்கும் வகையைக் கைப்பிடிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பல டப்பாக்கள் வாங்கினால் எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். ஒரே பெயர் போட்டிருந்தாலும் டப்பாவுக்கு டப்பா நிறம் லேசாக மாறும்.

பூசுவதற்கு 10 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், அடுத்த 24 மணி நேரம் மழை இல்லாத நாள் வேண்டும். பலகை கையைச் சுடுகிற வெயிலில் பூசாதீர்கள், உள்ளே இறங்குவதற்கு முன்பே மேலாகக் காய்ந்துவிடும். கைப்பிடியை முதலில் முடித்துவிட்டு, வீட்டோரம் தொடங்கிப் படிப் பக்கம் வெளியேறுங்கள். இரண்டு மூன்று பலகைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுசாக முடித்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் இரட்டைப் பூச்சின் கோடு விழும். மரம் குடிக்கிற அளவுதான் கணக்கு. 15 நிமிடம் கழித்தும் மேலே பளபளவென்று தேங்கி நிற்பதைத் துணியால் துடைத்து எடுங்கள், இல்லையென்றால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும்.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மாட்டேன். எண்ணெய் ஸ்டெயின் காய்வது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து. அப்போது வெப்பம் உண்டாகும். துணியைக் கசக்கி மூலையில் குவித்தாலோ குப்பைப் பையில் திணித்தாலோ அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். சில மணி நேரம் கழித்து, எல்லாரும் தூங்கும்போதும் நடக்கலாம். ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக விரித்து, வெளியே, வீட்டுக்கும் டெக்குக்கும் எட்டத்தில் தரையில் போட்டு முறுமுறுவென்று காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் முழுக்க அமிழ்த்தி மூடுங்கள். களைப்போடு இருந்தாலும் கை கழுவுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.