நாய்க்கு காது கிளீன் பண்றப்போ நாம செய்யுற தப்புங்க

எங்க லேப்ரடார் நாய்ப் பொண்ணு தங்கத்துக்கு அப்போ ரெண்டு வயசு. ஞாயித்துக்கிழமை ஆனா குளிப்பாட்டிட்டு நம்ம காதுக்கு போடுற அதே பட்ஸை வச்சு அவ காதையும் குடைஞ்சு விடுவேன், முனையில பழுப்பா அழுக்கு வர வர நல்லா சுத்தமாகுதுன்னு சந்தோஷம் வேற. மூணே மாசத்துல காதுல புளிச்ச மாவு வாடை, ராத்திரியெல்லாம் தலைய உதறிக்கிட்டே கெடந்தா. டாக்டர் உள்ள லைட் அடிச்சு பாத்துட்டு, வெளிய வந்தது கொஞ்சம்தான், மீதி குறும்பி எல்லாம் அடியில போய் கெட்டியா அடைச்சிருக்குன்னு சொன்னாரு. நான்தான் தள்ளி விட்டிருக்கேன்.

நாயோட காதுக்குழாய் முதல்ல கீழ இறங்கி, அப்புறம் உள்பக்கமா திரும்பும். அந்த திருப்பத்துக்கு அந்தப் பக்கம்தான் செவிப்பறை இருக்கு. பட்ஸ் போட்டா அந்த வளைவுல அழுக்கை இடிச்சு இறுக்கத்தான் செய்யும், நாய் திடீர்னு தலைய ஆட்டுனா உள்ள புண்ணாயிடும். அதனால உங்க விரல் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் பஞ்சு வச்சு துடைச்சா போதும். உள்ள இருக்கறத வெளிய கொண்டுவர நாய்களுக்குன்னே விக்கிற இயர் கிளீனர் இருக்கு, காது மடலை மேல தூக்கிப் பிடிச்சு ஊத்திட்டு காதோட அடிப்பகுதிய அரை நிமிஷம் மெதுவா பிசைஞ்சு விடுங்க, சளக் சளக்னு சத்தம் கேக்கும். அப்புறம் கைய எடுத்துடுங்க, அதுவா தலைய உதறி வெளிய தள்ளிரும். பாட்டிலை ஃப்ரிட்ஜுல வச்சு ஜில்லுனு ஊத்தாதீங்க, அடுத்த தடவை பாட்டிலை பாத்தாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும்.

நம்ம வீட்டுப் பெரியவங்க பாசத்துல செய்யுற தப்பு, எண்ணெய் காய்ச்சி ஊத்துறது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவா இருந்தாலும் வேண்டாம். லேப், காக்கர் மாதிரி தொங்குற காதுல ஏற்கனவே காத்து போகாது, அந்த சூட்டுலயும் ஈரத்துலயும்தான் ஈஸ்ட்ங்கிற பூஞ்சை பெருகும், எண்ணெய் பிசுக்குல அழுக்கும் சேந்து ஒட்டிக்கும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, வினிகர் எல்லாம் புண்ணு இருந்தா நெருப்பா எரியும். உண்ணி இருக்குன்னு மண்ணெண்ணெய் தொட்டு வைக்கிறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. மடல்ல கண்ணுக்கு தெரியிற உண்ணிய தோலை ஒட்டி இடுக்கியில பிடிச்சு நேரா இழுத்தா வந்துரும், உள்ள போயிருந்தா டாக்டர்தான் எடுக்கணும்.

அடிக்கடி கழுவுறதும் தப்புதான். உள்பக்கம் வெளிர் ரோஸ் கலர்ல, வாடை இல்லாம இருந்தா அந்தக் காதை சும்மா விடுங்க, குறும்பிய அதுவே மெல்ல வெளிய தள்ளிக்கும். பூடில், ஷிட்ஸூ வச்சிருக்கவங்க காது முடிய கொத்தா பிடுங்கி விடுறாங்க, தொந்தரவே இல்லாத காதுல பிடுங்குனா அந்த இடமே வீங்கி இன்ஃபெக்ஷனுக்கு வழி ஆகலாம்.

போன வருஷம் வாங்குன சொட்டு மருந்து மிச்சம் இருக்கேன்னு ஊத்துறது ரொம்ப ஆபத்துங்க. செவிப்பறை கிழிஞ்சிருந்தா சில மருந்து உள்ள இறங்கி கேக்குற சக்தியவே கெடுத்துரும், கிழிஞ்சிருக்கான்னு வீட்ல இருந்து நமக்கு தெரியாது. காப்பித்தூள் மாதிரி கருப்பா உதிர்ந்தா காதுப்பூச்சியா இருக்கலாம், வீட்ல பூனை இருந்தா அதுக்கும் ஒட்டும். மடல் பலூன் மாதிரி வீங்கிருந்தா உதறி உதறி உள்ள ரத்தம் கட்டிருக்குன்னு அர்த்தம். தலைய ஒரு பக்கமா சாய்ச்சே வச்சிருந்தாலோ, தொட்டா கத்துனாலோ அன்னைக்கே கூட்டிட்டு போங்க.

போறதுக்கு முன்னாடி அழுக்கா இருக்கேன்னு கூச்சப்பட்டு துடைச்சிட்டு மட்டும் போகாதீங்க. அந்த அழுக்கைத்தான் டாக்டர் கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்புல பாத்து ஈஸ்டா, பாக்டீரியாவா, பூச்சியான்னு கண்டுபிடிப்பாரு.