போர்வை லேபிளில் மை பரவியது: என் அனுபவம்

ஒட்டுத்துணிப் போர்வையில் வைத்த பெயர் லேபிள், முதல் துவைப்பிலேயே கெட்டது. மூன்று சுழி ‘ண’ ஒரே மைப்பொட்டாகிவிட்டது. பேனாவைத்தான் முதலில் திட்டினேன், தப்பு துணியில். கும்பகோணத்தில் மீட்டர் கணக்கில் வாங்கிய காடா துணியில் கஞ்சி அப்படியே இருந்தது. மை நூலில் ஏறாமல் கஞ்சிமேல் நின்று, அது கரைந்தபோது கூடவே பரவிவிட்டது.

இப்போது நெருக்கமான நெசவுள்ள வெள்ளைப் பாப்ளின்தான். மல் துணியில் மை ஓடும். கஞ்சி போக, பாப்ளினைச் சுடுநீரில் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசவும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் கூடவே கூடாது. ஐப்பசி அடைமழையில் கொடியில் கிடந்த துணியை நம்ப வேண்டாம், தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். இஸ்திரி போட்டு ஈரத்தை எடுத்துவிட்டு எழுதுங்கள்.

12க்கு 8 செ.மீ. வெட்டி, மாஸ்கிங் டேப்பால் அட்டையில் இழுத்து ஒட்டினால் துணி நகராது. பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்த மை) பேனா, 0.5 மி.மீ. முனை. எழுத்து 8 மி.மீ. உயரமாவது இருக்கட்டும், சுழிகள் அடைபடாது. பெயர், ஊர், வருடம் போதும். ஒரு நாள் கழித்து, மேலே பழைய வேட்டித்துண்டு போட்டு, நீராவி இல்லாமல் சூடாக இஸ்திரி.

லேபிளைப் போர்வையின் பின்பக்க அடித்துணி மூலையில் வைத்து, இரண்டு ஓரங்களை மடிக்காமல் பைண்டிங்குக்குள் (போர்வை ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) கொடுத்துவிடுங்கள். மற்ற இரண்டை 1 செ.மீ. மடித்து மறைதையல். ஊசி அடித்துணியை மட்டும் பிடிக்கணும். நடுவிலுள்ள பஞ்சைத் தாண்டினால் முன்பக்கம் புள்ளி தெரியும்.