தடம் மாறும்போது விபத்து: கலிஃபோர்னியாவில் டிக்கெட்டையும் காப்பீட்டுப் பொறுப்பையும் எதிர்ப்பது எப்படி?

கலிஃபோர்னியாவில் தடம் மாறும்போது மோதல் நேர்ந்தால் ஓட்டுநர் இரண்டு தனித்தனி விவகாரங்களைச் சந்திக்க வேண்டியிருக்கும். விதிமீறலுக்காகக் காவல் அதிகாரி எழுதித் தரும் அபராதச் சீட்டான டிக்கெட் போக்குவரத்து நீதிமன்றத்தைச் சேர்ந்தது. விபத்துக்கு யார் எத்தனை சதவீதம் பொறுப்பு என்பதைக் காப்பீட்டு நிறுவனங்கள் தாமே தீர்மானிக்கின்றன. டிக்கெட்டில் வரும் தண்டனை சிவில் வழக்கில் முடிந்த முடிவாகாது என்று வாகனச் சட்டத்தின் 40834ஆம் பிரிவு கூறுகிறது. இதை அறியாமல், டிக்கெட் கிடைத்துவிட்டது என்பதற்காகவே முழுப் பழியையும் ஏற்றுக்கொள்பவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது.

பாதுகாப்பாக மாற முடியும் என்று உறுதியாகும் வரை தடத்தை விட்டு விலகக் கூடாது என்பது 21658ஆம் பிரிவு. ஆகவே, மாறியவர் மீதே தவறு என்றுதான் காப்பீட்டு மதிப்பீட்டாளர் முதலில் எண்ணுவார். அந்த எண்ணத்தை மாற்றக்கூடியவை வாதங்களல்ல, வண்டியில் பதிந்துள்ள தடயங்களே. உங்கள் வண்டியின் பின்மூலையிலும் மற்றவர் வண்டியின் முன்மூலையிலும் அடி பட்டிருந்தால், நீங்கள் பெரும்பாலும் புதிய தடத்துக்குள் சென்றுவிட்ட பிறகே அவர் வந்து மோதினார் என்று வாதிட இடமுண்டு. உங்கள் வண்டியின் கீறல்கள் பின்னிருந்து முன்னோக்கி ஓடியிருந்தால், அவர் உங்களைவிட வேகமாக வந்தார் என்பதற்கு அது அடையாளம். மாறாக, அடி உங்கள் முன்கதவில் இருந்தால் வழக்கு கடினமானது. அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, மற்றவரின் வேகம், அவரும் அதே நேரத்தில் மறுபக்கத்திலிருந்து அதே தடத்துக்கு மாறினாரா என்பன போன்றவற்றில் கவனம் செலுத்துவது நல்லது. பழுது பார்ப்பதற்கு முன்பே எல்லாக் கோணங்களிலும் படமெடுங்கள். டேஷ்கேம் (வண்டியின் முகப்பில் பொருத்திய கேமரா) பதிவை உடனே நகலெடுத்து வையுங்கள். அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமராக்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும் என்பதால் தாமதிக்காமல் கேளுங்கள்.

யாருக்காவது காயம் ஏற்பட்டிருந்தாலோ, ஒருவருடைய உடைமைச் சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, 10 நாட்களுக்குள் எஸ்ஆர்-1 என்னும் விபத்து அறிக்கைப் படிவத்தை டிஎம்வி-க்கு (மாநில மோட்டார் வாகனத் துறைக்கு) அனுப்ப வேண்டும். உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். எதிர்த்தரப்பு நிறுவனம் தொலைபேசியில் வாக்குமூலத்தைப் பதிவு செய்யக் கேட்டால், அதற்கு உடன்பட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பொறுப்பைப் பங்கிடுவதில் இம்மாநிலம் விகிதாசார முறையைப் பின்பற்றுகிறது: உங்கள் மீது 30 சதவீதத் தவறு என்றால், உங்கள் இழப்பில் 70 சதவீதத்தைக் கோரலாம். ஆனால் பிரீமியத்தைப் பொறுத்தவரை 51 சதவீதம்தான் எல்லைக்கோடு. அதை எட்டினால் நீங்கள் முதன்மைப் பொறுப்பாளி ஆவீர்கள், 20 சதவீத நல்ல ஓட்டுநர் தள்ளுபடியும் பறிபோகக்கூடும். எனவே முழுவதும் குற்றமற்றவர் என்று நிறுவ முடியாதபோதும் சதவீதத்தைக் குறைக்கப் போராடுவது பயனுள்ளது. காப்பீட்டு நிறுவனத்தின் முடிவை எழுத்தில் பெற்று, கடிதத்தில் குறித்துள்ள கெடுவுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். படங்களை எண்ணிட்டு, ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி எழுதி இணையுங்கள். மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் முறையிடலாம். ஆனால் இரு ஓட்டுநர்களில் யார் சொல்வது உண்மை என்று அத்துறை தீர்ப்பளிப்பதில்லை.

டிக்கெட்டுக்கான தொகையை அப்படியே கட்டினால் அது தண்டனையாகவே பதிவாகி, உரிமத்தில் விதிமீறலுக்கான ஒரு புள்ளி ஏறும். தகுதியிருந்தால், 18 மாதங்களுக்கு ஒருமுறை, டிராஃபிக் ஸ்கூல் என்னும் போக்குவரத்து விதி வகுப்பை முடித்து அப்புள்ளியை மறைக்கலாம். எதிர்க்க விரும்பினால், நேரில் ஆஜராகாமல் நடக்கும் எழுத்துமூல விசாரணையையே நான் பரிந்துரைப்பேன். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டி, டிஆர்-205 படிவத்தில் உங்கள் தரப்பை எழுதி அனுப்ப வேண்டும். வென்றால் பணம் திரும்பி வரும். தோற்றாலும் 20 நாட்களுக்குள் டிஆர்-220 படிவத்தின் மூலம் நேரடியான புதிய விசாரணை கேட்கலாம்.

விபத்துக்குப் பின் வந்த அதிகாரி பெரும்பாலும் மோதலைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். பயிற்சி பெற்றவரானால், விசாரித்து டிக்கெட் எழுத 40600ஆம் பிரிவு அவருக்கு அனுமதி தருகிறது. ஆனால் மற்ற ஓட்டுநர் சொன்னதை அவர் நீதிமன்றத்தில் திருப்பிச் சொன்னால், அது கேள்விச் சாட்சியம் (நேரில் காணாமல் பிறர் சொல்லக் கேட்டது) என்று ஆட்சேபிக்கலாம். அவரது விபத்து அறிக்கையைச் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 20013ஆம் பிரிவு. நேரில் ஆஜராகும்போது ஆங்கிலத்தில் பேசத் தயக்கமிருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றத்திடம் கட்டணமின்றிக் கேட்கலாம். இதை முன்கூட்டியே கேட்பது அவசியம்.

இரு இடங்களிலும் ஒரே உண்மையைச் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்கு எழுதுவது உறுதிமொழியின் கீழ் தரப்படுவது. காப்பீட்டு நிறுவனத்திடம் சொன்னதோடு அது முரண்பட்டால், எதிர்த்தரப்பு அதையே உங்களுக்கு எதிராகத் திருப்பும். எல்லாம் முடிந்தும் எதிர்த்தரப்பு நிறுவனம் பணம் தர மறுத்தால், 12,500 டாலர் வரையிலான இழப்புக்கு, வழக்கறிஞர் இல்லாமலே, அந்த ஓட்டுநர் மீது சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். உடைமைச் சேதத்துக்குக் கெடு 3 ஆண்டுகள், உடல் காயத்துக்கு 2 ஆண்டுகள். காயம் உண்டென்றால் வழக்கறிஞரைக் கலக்காமல் இனி எதையும் கோரமாட்டேன் என்று எழுதித் தரும் எந்தத் தீர்வுப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.