பிராடென்டன் லீகாம் பார்க்கில் ஸ்பிரிங் டிரெய்னிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புளோரிடாவின் பிராடென்டனில் உள்ள லீகாம் பார்க் 1923-இல் திறக்கப்பட்ட பேஸ்பால் மைதானம். 1969 முதல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி பிப்ரவரிக் கடைசி தொட்டு மார்ச் கடைசி வரை தன் ஸ்பிரிங் டிரெய்னிங் ஆட்டங்களை, அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களை, இங்கேதான் ஆடுகிறது. இரவு விளக்கே 2008-இல்தான் வந்தது. இதையும் ஒரு பெரிய லீக் ஸ்டேடியமாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் இங்கே அதிகம் சிரமப்படுகிறார்கள்.

முதல் தவறு, மைதானத்துக்கு எவ்வளவு அருகில் என்று மட்டும் பார்த்து சீட் எடுப்பது. பகல் ஆட்டம் பெரும்பாலும் 1:05-க்குத் தொடங்கும். மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய 1:40-க்கு. ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க உச்சி வெயிலில்தான் போகும். அந்த நேரத்தில் நிழல் என்பது கூரைக்கு அடியில் இருக்கும் பின்வரிசைகளில் மட்டும். அதிக விலை கொடுத்து முன்வரிசை எடுத்தவர்கள் மூன்றாவது இன்னிங்ஸிலேயே (மொத்தம் ஒன்பது) எழுந்து நிழல் தேடுவார்கள். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து அதற்கு நேர் எதிர் மூலையான செகண்ட் பேஸ் வரை போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது பேஸ்பால் விதிப்புத்தகம். அப்படி அமைந்த மைதானத்தில் தேர்ட் பேஸ் பக்கம் (ஹோம் பிளேட்டிலிருந்து பார்க்க இடப்புறம்) முதலில் நிழல் விழும். வலப்புறமான ஃபர்ஸ்ட் பேஸ், ரைட் ஃபீல்டு பக்கத்துக்கு மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். பழைய மைதானங்கள் தெருவுக்கு ஏற்பக் கட்டப்பட்டவை, எல்லாமே இப்படி இருக்காது. டிக்கெட் எடுக்குமுன் மேப்பில் வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். கடிகாரம் மாறும் அந்த ஞாயிறு அன்று போன் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும், வாடகைக் காரின் கடிகாரம் மாற்றிக்கொள்ளாமலும் போகலாம்.

அடுத்தது, தாமதமாக வருவது. முன்னணி வீரர்கள் நான்கைந்து இன்னிங்ஸோடு கிளம்பிவிடுவார்கள். தொடக்கப் பிட்சர் பிப்ரவரிக் கடைசியில் ஒன்றிரண்டு இன்னிங்ஸ்தான் வீசுவார். மார்ச் கடைசியில்தான் நீளும். 2:30-க்கு நுழைந்தால் ஜெர்சியில் எண்பது, தொண்ணூறு என்று எண் போட்ட, இன்னும் அணியில் இடம் பிடிக்காத இளைஞர்களைத்தான் பார்ப்பீர்கள் (அதுவும் ஒரு சுவைதான், தெரிந்து வந்தால்). எதிரணி நட்சத்திரத்துக்காக டிக்கெட் எடுப்பது இதைவிட மோசம். வெளியூர் ஆட்டத்துக்கு நான்கு முக்கிய வீரர்களை அழைத்து வந்தால் போதும் என்பதுதான் விதி. மூத்தவர்கள் பஸ் ஏறவே மாட்டார்கள். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவருடைய அணியின் சொந்த மைதானத்துக்குப் போங்கள். ஒரே நாளில் ஒரு அணி இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊர்களில் ஆடுவதும் உண்டு. அட்டவணையில் அப்படிப் பிரிந்து ஆடுவதாகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து ஸ்கோர் சமமாக இருந்தால் ஆட்டம் பெரும்பாலும் அப்படியே முடிந்துவிடும், வியக்க வேண்டாம்.

ஆட்டோகிராஃபுக்கு மார்க்கரோடு வருகிறவர்கள் ஏராளம். தோல் பந்தில் மார்க்கர் மை பரவி, சில ஆண்டுகளில் எழுத்து மங்கலான கறையாகிவிடும். பந்துக்கு நீல பால்பாயின்ட் பேனா; போட்டோ, கார்டு என்றால் மார்க்கர். இரண்டு தையல்களும் மிக நெருங்கி வரும் குறுகலான இடத்தை வீரர் பக்கம் திருப்பி நீட்டுங்கள், பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுங்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபவுல் கோடு எனப்படும் பக்க எல்லைக் கோட்டோரக் கம்பி வேலி அருகே நில்லுங்கள். பேட்டிங் பயிற்சி முடிந்து திரும்புகிறவர் நின்று போட்டுத் தர வாய்ப்பு அதிகம். பயிற்சிக்குப் போகிறவரைக் கூப்பிடுவது வீண்.

பார்க்கிங்கையும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். சுற்றிலும் வீடுகளும் கடைகளும்தான், விசாலமான பார்க்கிங் கிடையாது. அக்கம்பக்கத்தார் தங்கள் புல்வெளியில் காசு வாங்கிக்கொண்டு இடம் தருவார்கள், கையில் சில்லறை நோட்டு இருக்கட்டும். பணம் கொடுக்குமுன் "எனக்குப் பின்னால் வேறு கார் நிறுத்துவீர்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், ஏழாவது இன்னிங்ஸில் கிளம்பும் திட்டத்தை மறந்துவிடலாம். ஸ்டாண்டை ஒட்டிய இடமும் வேண்டாம்; கூரையைத் தாண்டும் ஃபவுல் பந்து கார்க் கண்ணாடி மேல் விழலாம்.