வெயில் நாள் விருந்து: நண்பர்கள் வருமுன் அடுப்பு ஆறியிருக்கட்டும்

கோடை விடுமுறையில் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் பல வீடுகளில் நடப்பது இதுதான்: வந்தவர்கள் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், கூப்பிட்டவர் வியர்க்க வியர்க்க அடுப்படியில் நிற்பார். சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் அவருக்கு அந்த நாள் வீண். முதல் ஆள் வாசல் மணியை அடிக்கும்போது அடுப்பு ஆறிப்போயிருக்க வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் இதை வைத்துத்தான். கீழே உள்ள அளவுகள் 10 பேருக்கு.

மாலை 5 மணிக்கு வரச் சொல்லுங்கள். சூரியன் தலைக்கு மேல் நிற்பது நண்பகலில் என்றாலும், காற்று மிகச் சூடாவது பிற்பகல் 3 மணிவாக்கில்தான். வெளியே உட்காருவதாக இருந்தால், காலையில் நிழல் இருக்கும் இடத்தைப் பார்த்து நாற்காலி போட்டுவிடாதீர்கள். மாலையில் நிழல் கிழக்குப் பக்கம் விழும். மேற்கு பார்த்த சுவர் பிற்பகல் வெயில் முழுக்கக் குடித்திருக்கும். பொழுது சாய்ந்த பிறகும் அனல் அடிக்கும். அதை ஒட்டி உட்காரவே கூடாது.

பரிமாறப்போவது குளிர்ந்த சாலட் என்பதால், சமையலை முந்தின நாள் இரவே முடித்துவிடலாம். எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி ஒன்றரை கிலோ, அது மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, நசுக்கிய பூண்டு, கொஞ்சம் மிளகு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். தளதளவென்று கொதிக்க விட்டால் கறி நார் நாராகிவிடும். தடித்த இடத்தில் வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அரை கிலோ கொண்டைக்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, தனிப் பாத்திரத்தில் குழையாமல் வேகவையுங்கள்.

பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில். சூடான பாத்திரத்தை மூடி அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால், மேலே குளிர்ந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. கறியையும் கடலையையும் தண்ணீரை வடித்து, அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சோறு செய்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும். ஆறிய சோற்றில் அது உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

மறுநாள் கறியைக் கையால் பிய்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ வெள்ளரிக்காயை நறுக்கி, உப்புப் பிசறி 15 நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் பரிமாறும் நேரத்தில் தட்டெல்லாம் தண்ணீராக நிற்கும். வெள்ளரியைக் கறியிலும் கடலையிலும் பிரித்துச் சேர்த்து, 100 மில்லி எண்ணெய், 60 மில்லி எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகுத்தூள் கலந்து, இரண்டுக்கும் தனித்தனியாக, சாப்பிடுவதற்கு 10 நிமிடம் முன்பு ஊற்றிக் கிளறினால் போதும். குளிர்ச்சி நாக்கை மந்தமாக்கும். அதனால் உப்பை வெதுவெதுப்பில் ருசி பார்த்து முடிவு செய்யாமல், குளிர்ந்த பிறகு பாருங்கள். ஒரு சிட்டிகை கூடவே கேட்கும்.

குடிக்க 12 எலுமிச்சம்பழம். பலகையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு அறுத்தால் சாறு தாராளமாக வரும். விதை நசுங்கும் அளவு பிழிந்தால் கசக்கும். சர்க்கரை குளிர்ந்த நீரில் சட்டென்று கரையாது, அடியில் தங்கிவிடும். 300 கிராம் சர்க்கரையை 300 மில்லி தண்ணீரில் சூடாக்கிப் பாகாக்கி ஆறவிட்டு, சாறும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து மொத்தம் 3 லிட்டராக்குங்கள். ஐஸைக் கூஜாவில் போடாமல் தம்ளரில் போடுங்கள். கடைசி ஆளுக்கும் அதே ருசி கிடைக்கும். இதுபோக வெறும் தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது இருக்கட்டும்.

ஐஸ் 10 கிலோ வாங்குங்கள், ஐஸ் பெட்டி இரண்டு வேண்டும்: பானத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. பானப் பெட்டியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது திறப்பார்கள், குளிர் ஓடிவிடும். சாப்பாட்டை அதில் வைக்காதீர்கள். பானப் பெட்டியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. வெறும் ஐஸ் கட்டி புட்டியை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் சுற்றிலும் அணைத்துக்கொள்ளும்; 20 நிமிடத்தில் புட்டி ஜில்லென்றாகிவிடும். சாப்பாட்டுப் பெட்டிக்குப் பெரிய கட்டிகளே நல்லது, மெதுவாகத்தான் கரையும்.

பரிமாறும்போது பெரிய கிண்ணத்தில் ஐஸ் நிரப்பி, அதன்மேல் சாப்பாட்டுக் கிண்ணத்தை அழுத்தி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே எடுக்காமல் மூன்றில் ஒரு பங்காக எடுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால், ஐஸ் இல்லாமல் வெளியே ஒரு மணி நேரம் கிடந்த உணவைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நீள மேசையில் 10 பேர் உட்கார்ந்தால் பேச்சு இரண்டு மூன்றாக உடைந்து, ஓரத்தில் இருப்பவர் தனித்துப்போவார். வந்ததும் ஈரத்துண்டு கொடுங்கள். தோல் ஈரமாக இருந்தால் மின்விசிறிக் காற்று இன்னும் நன்றாகக் குளிர்விக்கும். யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால் உடனே நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தர்பூசணியை முந்தின இரவே முழுசாகக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். 5 கிலோ பழம் நடுவரை குளிர இரவு முழுக்க ஆகும். தோலைக் கழுவிவிட்டு அறுங்கள், இல்லையென்றால் மேலுள்ள அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். இருட்டியதும் அதை வெட்டி வையுங்கள். பாத்திரங்கள் ஒரு வாளித் தண்ணீரில் காலைவரை ஊறட்டும். நீங்களும் வட்டத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.